நெய்வேலித் தண்ணீரும் ஒரு பழைய ரிஜிஸ்தரும்

போன மாதம் ஒரு காலை நேரம், ஆர்.ஓ. மெஷின் விற்கும் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கழுத்தில் டை, தோளில் பை. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டான். குடிக்கத்தான் கேட்கிறான் என்று நினைத்து நானும் எடுத்துக்கொண்டு வந்தேன். அவன் பேனா மாதிரி ஒரு கருவியை அதில் முக்கினான். "பாருங்க சார், 380. ரொம்ப டேஞ்சர்" என்றான்.

"போன வருஷம் எவ்வளவு இருந்தது தம்பி?" என்று கேட்டேன்.

அவன் விழித்தான். "போன வருஷம் எதுக்கு சார்? இப்ப 380 இருக்குல்ல?"

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. வயிற்றுப் பிழைப்பு. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று நம் நாட்டுத் தர அளவு சொல்கிறது. அதைச் சொல்லி மோர் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அவன் போன பிறகு நான் கேட்ட கேள்வி என்னையே சுற்றிச் சுற்றி வந்தது. போன வருஷம் எவ்வளவு? அதற்கு முந்தின வருஷம்? இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதி வைக்கத்தான் அரசாங்கம் எனக்கு 34 வருஷம் சம்பளம் கொடுத்தது. ஒரு கிணற்றின் விஷயத்தில் நான் அதை ஒழுங்காகச் செய்யவில்லை. அதைப் பற்றி இதுவரை எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

என் அம்மா ஊர் பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவில் உள்ள ஒரு சிறு கிராமம். முழு ஆண்டு லீவு விட்டால் மாமா வீடுதான். மாமா நிலத்தில் ஒரு குழாய்க் கிணறு உண்டு. மோட்டாரும் கிடையாது, இன்ஜினும் கிடையாது, ஏற்றமும் கிடையாது. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு நின்ற இரும்புக் குழாயின் வாயிலிருந்து ராப்பகலாகத் தண்ணீர் தானாகவே வழிந்துகொண்டிருக்கும். ஆர்ட்டீசியன் ஊற்று என்று பாடப் புத்தகத்தில் பிறகு படித்தேன். எங்களுக்கு அது வெறும் 'ஊத்து'. அந்தத் தண்ணீரில் கரும்பும் மல்லாட்டையும் விளைந்தன. குழாய்க்கு அடியில் உட்கார்ந்து குளித்தால் எழுந்திருக்க மனசு வராது. உங்களில் தென்னாற்காட்டுக்காரர்கள் பலருக்கு அந்தச் சுகம் நினைவிருக்கும்.

ஏன் தானாகப் பொங்கியது? விருத்தாசலத்துக்கும் பண்ருட்டிக்கும் இடையே செம்மண் மேட்டுநிலம் இருக்கிறதல்லவா, முந்திரிக்காடு நிறைந்த பூமி. அங்கே பெய்யும் மழை மணற்பாறைக்குள் இறங்குகிறது. கடலூர் மணற்பாறை என்று அதற்குப் பெயர். அந்த மணல் அடுக்கு கிழக்கே கடல் பக்கமாகச் சரிந்து கீழே இறங்குகிறது. மேலே களிமண்ணும் பழுப்பு நிலக்கரியும் மூடிபோல் உட்கார்ந்திருக்கின்றன. மேட்டில் இறங்கிய தண்ணீர் அந்த மூடிக்குக் கீழே நெருக்குண்டு கிடக்கிறது. மூடியில் துளை போட்டால் பீறிட்டு மேலே வருகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்ட கதையிலும் தண்ணீர்தான் முதலில் வருகிறது. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஒரு பொருள் வந்தது. அவர் அதை அலட்சியமாகத் தூக்கி எறியாமல் அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனார். பிறகு பல வருஷங்கள் துளை போட்டு ஆராய்ந்தார்கள். 1956 நவம்பரில் கார்ப்பரேஷன் உருவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். எனக்கு அப்போது ஐந்து வயது. அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வாரம் பேசினார்.

ஆனால் நிலக்கரியைத் தொடுவது லேசான காரியமாக இல்லை. நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே நெருக்குண்டு கிடக்கும் தண்ணீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தது. 8 கிலோ என்றால் 80 மீட்டர் உயரமுள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியின் அடித்தட்டில் இருக்கும் அழுத்தம். மேலே உள்ள மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டால் அந்த அழுத்தத்தைத் தாங்க எடை இல்லாமல் போகும். சுரங்கத்தின் தரை வெடித்துத் தண்ணீர் உள்ளே பாயும். ஆகவே தோண்டும் இடத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, ராப்பகலாக இறைத்து, அடியில் உள்ள அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் தோண்ட முடிந்தது. 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962ல் ரஷ்ய உதவியோடு கட்டிய அனல் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பம்புகள் நிற்கவில்லை. நின்றால் சுரங்கம் இல்லை.

மாமாவின் ஊத்து 60களின் நடுவில் மெலிந்தது. முதலில் குழாயின் வாயில் விரல் பருமனுக்கு வழிந்தது. பிறகு சொட்டியது. பிறகு குழாய்க்குள் எட்டிப் பார்த்தால்தான் தண்ணீர் தெரிந்தது. மாமா ஆயில் இன்ஜின் வாங்கினார். சில வருஷங்களில் கரண்ட் மோட்டார், அப்புறம் நீர்மூழ்கி மோட்டார். சுரங்கத்தின் மேல் மட்டும் பழி போடுவது நியாயம் ஆகாது. அதே வருஷங்களில்தான் ஊரெல்லாம் பம்பு செட் வந்தது. கரும்பு பெருகியது. அவரவர் பங்குக்கு அவரவர் இறைத்தோம். ஆனால் தானாக வந்த தண்ணீர் நின்றுபோனது என்பது உண்மை. மாமா கடைசிவரை அந்தப் பழைய குழாயைப் பிடுங்க விடவில்லை.

நான் 1976ல் வேலைக்குச் சேர்ந்தேன். அரசுத் துறை ஒன்றின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர். எந்தத் துறை, எந்த ஊர் அலுவலகம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன் மே மாதத்திலும் மழைக்குப் பின் ஜனவரியிலும், குறிப்பிட்ட கிணறுகளுக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வர வேண்டும். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு நம்பர். நெய்வேலியைச் சுற்றிய கிராமங்களிலும் சில கிணறுகள் எங்கள் பட்டியலில் இருந்தன.

தண்ணீர் எடுப்பது சும்மா பாட்டிலை முக்கி எடுப்பதல்ல. என் குருநாதரான சீனியர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். குழாய்க் கிணறு என்றால் குழாய்க்குள் தேங்கி நிற்கும் தண்ணீர் வெளியேறும்வரை இறைக்க வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீரைப் போல மூன்று மடங்கு வெளியேறினால்தான் மண்ணுக்குள்ளிருந்து வரும் புதுத் தண்ணீர் கிடைக்கும். பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலச வேண்டும். காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். அமிலத்தன்மையை அங்கேயே பார்த்துவிட வேண்டும், லேபுக்கு வருவதற்குள் வாயு பிரிந்து எண் மாறிவிடும். இரும்புச் சத்து பார்ப்பதற்குத் தனி பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட வேண்டும். எங்கள் பக்கத்து ஆழமான தண்ணீர் வெளியே வரும்போது பளிங்கு மாதிரி இருக்கும். ராத்திரி குடத்தில் வைத்தால் காலையில் அடியில் செங்காவி படிந்திருக்கும். கரைந்திருந்த இரும்பு காற்றுப்பட்டு வெளியே வந்துவிடும். அமிலம் விடாமல் கொண்டுவந்த பாட்டிலில் இரும்பே இல்லை என்று ரிசல்ட் வரும்.

லேபில் எல்லாம் கைவேலை. கடினத்தன்மை பார்க்க இ.டி.டி.ஏ. கரைசலைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவோம். ஒயின் சிவப்பாக இருந்த தண்ணீர் ஒரு சொட்டில் நீலமாக மாறும். குளோரைடுக்கு வெள்ளி நைட்ரேட், மஞ்சள் நிறம் செங்கல் நிறமாகும். சல்பேட்டுக்கு பேரியம் குளோரைடு போட்டால் பால் மாதிரி கலங்கும். எவ்வளவு கலங்குகிறதோ அவ்வளவு சல்பேட். 40 வருஷம் கழித்தும் அந்த நிறங்கள் கண்ணுக்குள் நிற்கின்றன.

சுரங்கத்துக்குப் பக்கத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுரங்கத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் இரண்டு வகை. ஆழ்துளைக் கிணறுகளில் இறைப்பது நல்ல தண்ணீர். அது மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் வயலுக்கும் போகிறது. சென்னையின் வறட்சி நாட்களில் இந்தப் பகுதி நிலத்தடி நீர் வீராணம் குழாய் வழியாக அங்கேயும் போயிருக்கிறது. இரண்டாவது, மழை பெய்து சுரங்கக் குழிக்குள் ஓடிச் சேரும் தண்ணீர். அது வெட்டிய மண்ணையும் நிலக்கரியையும் கழுவிக்கொண்டு வரும். நிலக்கரியில் கந்தகம் கலந்த தாதுக்கள் உண்டு. பூமிக்குள் காற்றுப்படாமல் கிடந்தவரை அவை சாது. காற்றும் தண்ணீரும் பட்டால் அமிலமும் சல்பேட்டும் ஆகும். அடுத்தது சாம்பல். எரித்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கலந்து குளங்களில் தேக்கும் முறையில், சாம்பலில் உள்ளவை மெல்ல மண்ணுக்குள் இறங்க வாய்ப்பு உண்டு. கடைசியாகக் கடல். நிலத்தடி அழுத்தம் குறைந்துகொண்டே போனால் கடலோரத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே வருமோ என்ற பயம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அதனால் கடலூர்ப் பக்கம் குளோரைடைப் பார்க்க வேண்டும்.

ஆனால் கிணற்றுத் தண்ணீர் கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி "என்னை இன்னார் கெடுத்தார்" என்று சொல்லாது. சல்பேட் ஏறினால் அது சாம்பலாக இருக்கலாம். மல்லாட்டைக்கு ஜிப்சம் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம், ஜிப்சமும் சல்பேட்தான். குளோரைடு ஏறினால் கடலாக இருக்கலாம், கழிவுநீராக இருக்கலாம், வெறும் வறட்சியாகவும் இருக்கலாம். ஒருமுறை ஒரு ஆழ்துளைக் கிணற்றில் திடீரென்று உப்பு ஏறிவிட்டது. பெரிய பரபரப்பு. கடைசியில் பார்த்தால் உள்ளே இறக்கிய இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, மேல்மண் தண்ணீர் உள்ளே கசிந்துகொண்டிருந்தது. ஆழத்துத் தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதையெல்லாம் பிரித்துச் சொல்ல ஒரே வழிதான் உண்டு. அதே கிணறு, அதே ஆழம், அதே மாதம், வருஷக்கணக்காக விடாமல் எழுதிய எண்கள். சுரங்கம் வருவதற்கு முன் எப்படி இருந்தது என்றும் தெரிந்தால் இன்னும் நல்லது. அங்கேதான் எங்கள் பகுதிக்கு ஒரு பெரிய குறை. நீர்மட்டத்தை அளக்காமல் அந்தச் சுரங்கத்தை ஒரு நாள்கூட நடத்த முடியாது, ஆகவே மட்டத்துக்குக் கணக்கு இருந்தே தீர வேண்டும். தரத்துக்கு அப்படி ஓர் அவசரம் கிடையாது. கிணற்றில் உப்பு ஏறினால் சுரங்கம் மூழ்கிவிடாது. சட்டங்களின் வருஷங்களைப் பாருங்கள். நிலக்கரி தெரிந்தது 1961ல். நீர் மாசு தடுப்புச் சட்டம் வந்தது 1974ல். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தர அளவு 1983ல். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986ல். பெரிய திட்டங்களுக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிட வேண்டும் என்ற கட்டாயம் 1994ல். முதல் நிலக்கரிக்கும் அந்தக் கட்டாயத்துக்கும் நடுவில் 33 வருஷம். ஒரு தலைமுறை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

சுரங்கத்திலிருந்து சில மைல் தள்ளி ஒரு கிராமம். ஊர் நடுவில் ஒரு திறந்த கிணறு, ஊரே குடிக்கும் கிணறு. எங்கள் பட்டியலில் அதற்கு ஒரு நம்பர். 1977 முதல் வருஷம் இருமுறை நான்தான் போவேன். பஸ் இறங்கி இரண்டு மைல் நடை. 1983 மே மாதம் போனபோது கிணறு வற்றிவிட்டது. 82, 83 வறட்சி உங்களுக்கு நினைவிருக்கும். அடியில் சேறுதான் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. தெருக்கோடியில் பஞ்சாயத்து புதிதாகப் போட்ட ஆழமான போரும் அடிபம்பும் இருந்தன. நான் என்ன செய்திருக்க வேண்டும்? "கிணறு வற்றியது, மாதிரி எடுக்கவில்லை" என்று எழுதியிருக்க வேண்டும். அடிபம்பிலிருந்து எடுத்தால் அதற்குப் புது நம்பர் போட்டிருக்க வேண்டும். புது நம்பருக்குப் படிவம், வரைபடம், மேலதிகாரி கையெழுத்து என்று ஆயிரம் வேலை. ரிஜிஸ்தரில் கட்டம் காலியாக இருந்தால் விளக்கம் கேட்பார்கள். நான் அடிபம்பில் தண்ணீர் பிடித்து, பாட்டிலில் பழைய கிணற்றின் நம்பரையே எழுதினேன்.

ஒருமுறை செய்தது பழக்கமாகிவிட்டது. ஜனவரியில் கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஆனாலும் கயிறும் வாளியும் தேடுவதைவிட அடிபம்பு சுலபம். எண்கள் முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக வந்தன. மழை பெய்து நீர்த்திருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. எனக்குப் பிறகு அந்த ரூட்டுக்குப் போனவரிடமும் "அந்த நம்பருக்கு அடிபம்பிலதான் எடுக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தேன். இப்படியே 13 வருஷம்.

1996ல் அந்த ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். கிணற்றுத் தண்ணீர் கசக்கிறது, பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்று. ஒரு கூட்டம் போட்டார்கள். எங்கள் ரிஜிஸ்தரையும் கொண்டுவரச் சொன்னார்கள். தூக்கிக்கொண்டு போனது நான். ஒரு அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். "1977லிருந்து ரெக்கார்டு இருக்கு. இந்தக் கிணத்துல தண்ணி கெடவே இல்ல. முன்னைவிட நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. என் கையெழுத்தில் இருந்ததைத்தான் படித்தார்.

ஊரில் எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடும் ஒரு வயதான அம்மாள் எழுந்தார். பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்திருந்தார். மேசைமேல் வைத்து, "குடிச்சுப் பாருங்க" என்றார். யாரும் எடுக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். பழைய நாட்களில் அந்தக் கிணற்றடியில் எனக்கு வாளி கொடுத்தவர் அவர்தான்.

"தம்பி, நீ எழுதுன தண்ணி எங்க கெணத்துத் தண்ணி இல்லியே. நீ அடிபம்புலதானே புடிச்சிகினு போவ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். கூட்டம் முடிந்தது.

சொம்பை அவர் மேசைமேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துப்போய் அன்று இரவே லேபில் பார்த்தேன். கடினத்தன்மைக்கு இ.டி.டி.ஏ. விட்டுக்கொண்டே இருக்கிறேன், சிவப்பு மாறவில்லை. பியூரெட்டை இரண்டாம் முறை நிரப்ப வேண்டியிருந்தது. சல்பேட்டுக்குப் போட்டபோது குழாய் வெண்மையாகக் கலங்கியது. பெரியம்மா சொன்னது சரி.

ஆனால் ஏன் கெட்டது? அதற்கு என்னிடம் பதில் இல்லை. சாம்பலா, ஜிப்சமா, வருஷக்கணக்காக நீர்மட்டம் இறங்கியதா? 1983லிருந்து 1996 வரை அந்தத் திறந்த கிணற்றின் எண்கள் இருந்திருந்தால், எந்த வருஷம் ஏற ஆரம்பித்தது, எந்த உப்பு முதலில் ஏறியது, மழைக்குப் பின் இறங்கியதா என்று பார்த்து ஓரளவு சொல்லியிருக்கலாம். அந்த 13 வருஷத்தை நான் அழித்துவிட்டேன். காலியாக விட்டிருந்தால்கூட "தெரியவில்லை" என்றாவது சொல்லியிருப்பார்கள். நான் நிரப்பி வைத்ததால் "கெடவில்லை" என்று ஆகிவிட்டது. யார் மேலாவது தப்பு இருந்திருந்தால் அவர்கள் தப்பித்தார்கள். தப்பு இல்லாதவர்கள் இருந்திருந்தால் அவர்கள் மேல் ஊரார் வைத்த சந்தேகம் தீரவில்லை. இரண்டுக்கும் நானே பொறுப்பு.

மேலதிகாரியிடம் மறுநாள் சொன்னேன். அவர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப இதை எழுதினா மத்த எல்லாக் கிணத்து மேலயும் சந்தேகம் வரும்யா. விடு" என்றார். நானும் விட்டேன். பெண் கல்யாணத்துக்கு இருந்த நேரம், மெமோ வந்தால் என்ன செய்வது என்ற பயம். மனசு கேட்காமல் இரண்டு மாதம் கழித்து, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் "1983 மே முதல் மாதிரி அடிபம்பிலிருந்து எடுக்கப்பட்டது, திறந்த கிணறு அல்ல" என்று எழிதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். சில வருஷங்களில் பழைய ரிஜிஸ்தரை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். எண்கள் ஏறின. ஓரத்தில் எழுதியது ஏறவில்லை. அதற்கு அதில் கட்டம் இல்லை.

கிராமத்துக்கு மேல்நிலைத் தொட்டியும் தெருக்குழாயும் வந்தன. ஆழ்துளைத் தண்ணீர். மனு கொடுப்பது நின்றது. பழைய கிணற்றில் குப்பை கொட்ட ஆரம்பித்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை போனேன். பெரியம்மா காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர் மகனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் எப்பவோ நடந்தது சார், காப்பி சாப்பிடுங்க" என்றார். சாப்பிட்டேன். தெருக்குழாய்த் தண்ணீரில் போட்ட காப்பி, நன்றாகத்தான் இருந்தது.

இன்று நிலைமை எவ்வளவோ மேல். உலக வங்கி உதவியோடு 1995ல் தொடங்கிய நீரியல் திட்டத்தில் தமிழ்நாடும் சேர்ந்தது. கண்காணிப்புக்கென்றே தனிக் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நீர்மட்டத்தைத் தானே பதிவு செய்யும் கருவிகள் வந்தன. ஹைதராபாத் விஞ்ஞானிகள் கடலூர் மணற்பாறையின் ஆழத்துத் தண்ணீரை ஐசோடோப்பு முறையில் ஆராய்ந்து 1998ல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தத் தண்ணீரில் கடந்த 30,000 ஆண்டுகளின் தட்பவெப்பத் தடயங்கள் இருக்கின்றன என்பது அவர்கள் கண்டது. மாமா வீட்டு ஊத்தில் குளித்தபோது எத்தனை ஆயிரம் வருஷத்து மழையில் குளித்தேனோ! மண்ணுக்குள் அவ்வளவு மெதுவாக நகரும் தண்ணீரை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் ஆகும் ஆட்களைக் கொண்டு கண்காணிக்கிறோம். ஆள் மாறலாம். ஆனால் ரிஜிஸ்தர் நேர்மையாக இருக்க வேண்டும்.

2023ல் சுற்றுச்சூழல் அமைப்புகள் நெய்வேலிச் சுற்றுப்புறத் தண்ணீரைச் சோதித்துப் பாதரசம் இருப்பதாக அறிக்கை வெளியிட்டதும், பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்ததும் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். குடிநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, 77ல் அங்கே எவ்வளவு இருந்தது என்பதுதான். எங்கள் லேபில் அதைப் பார்க்கும் கருவியே கிடையாது. அந்தத் தண்ணீரையெல்லாம் பார்த்து முடித்ததும் ஸிங்கில் கொட்டிவிட்டோம்.

இதைப் படிக்கும் உங்களில் சுரங்கம், ஆலை, சாம்பல் குளம் என்று ஏதாவது ஒன்றுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வருஷத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் ஜனவரியும், ஏதாவது ஒரு லேபில் கொடுத்துப் பாருங்கள். ரிசல்ட்டை ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், எந்தத் தேதி, எவ்வளவு நேரம் இறைத்த பிறகு பிடித்தது என்று சேர்த்து எழுதுங்கள். எடுக்க முடியாத வருஷம் எடுக்கவில்லை என்று எழுதுங்கள். அந்த நோட்டு உங்களுக்குப் பயன்படாமல் போகலாம். உங்கள் பேத்தி ஒருநாள் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று பேச வேண்டி வந்தால், அவள் கையில் அது இருக்க வேண்டும்.

ஆர்.ஓ. பையன் கொடுத்துவிட்டுப் போன விளம்பரத் தாளின் பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் எழுதினேன்: எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், கரைந்த உப்பு 380, தேதி இன்னது, அளந்தது விற்பனைக்கு வந்த பையன், கருவி சரிபார்க்கப்பட்டதா என்று தெரியாது. அடுத்த முறை அளக்கும்போது பக்கத்தில் இன்னோர் எண் எழுதுவேன்.